மரத்தலையில் வைக்கோல் தொப்பி

"அக்கா, புனிதமக்கா ஊரிலையிருந்து வந்து எத்தினை நாள்?"

"மூண்டு. ஏன்?"

"மன்னாருக்குப் போட்டு வந்த மனிசி. ஒருத்தருக்கும் ஒரு துண்டுக் கருவாடு போகேல்லை. உங்கடை ஹெல்மெட் களவை விட எனக்கு இதுதான் பெரிய கேஸ்."

"றோட்டைப் பார், றொனி," என்றாள் ஞானம்பிகை.

ஸ்கூட்டர் இத்தாலியின் பலெர்மோ நகரில் ஃபவோரீத்தாப் பூங்காவின் நடுவால் மொண்டெல்லோக் கடற்கரையை நோக்கிப் பறந்துகொண்டிருந்தது. இரு பக்கமும் மரங்கள். ஒருகாலத்தில் இதே சாலையில் ஒற்றை இருக்கைக் கார்கள் ஓடின. சுருட்டு வடிவான உடம்பு, வெளியே துருத்திய சக்கரங்கள், நடுவில் ஓர் ஆள் மட்டும் செருகிக்கொள்ள ஒரு குழி. நாடு முழுவதிலும் இருந்து வந்தவர்கள் ஓடிய பந்தயம் அது. அறுபத்தொன்றாம் ஆண்டில் அதை வென்றவர் கொராதோ என்ற பணக்கார வீட்டுப் பிள்ளை. அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது. இன்று எண்பத்தாறு. பதினொரு வருடமாக அவரைக் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, கையைப் பிடித்து நடத்திக்கொண்டிருந்தவள் புனிதமலர்.

அவர் பந்தயத்தில் அணிந்த சிவப்புத் தலைக்கவசம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்தப் பழைய கார்கள் மறுபடி பூங்காவைச் சுற்றப்போகின்றன. உயிரோடிருக்கும் வீரர்கள் தங்கள் கவசத்தை அணிந்து தங்கள் காரில் உட்காரவேண்டும். இந்த நேரம் பார்த்துக் கவசத்தைக் காணவில்லை. பெட்டிப் பூட்டு உடையவில்லை. சாவி புனிதமலரின் கொத்தில் இருந்தது. கிழவரின் மகள், சிஞ்ஞோரா லொரெத்தா, இன்று மாலைக்குள் பொருள் வராவிட்டால் குவெஸ்தூராவில், போலீஸ் தலைமையகத்தில், முறைப்பாடு கொடுப்பதாகச் சொல்லிவிட்டாள். பக்கத்து வீட்டுக்கும் நேற்றே சொல்லிவிட்டாளாம். அடுத்த மாதம் புனிதமலரின் பெர்மெசோவை, இந்த நாட்டில் தங்கும் அனுமதியை, புதுப்பிக்க வேண்டும். களவு முறைப்பாடு ஒன்று எழுந்தால் அதுவும் போய்விடும், அவளுக்குக் கதவைத் திறக்கிற வீடும் இருக்காது.

ஞானம்பிகை போலீஸ்காரி அல்ல. நீதிமன்றத்தில் தமிழுக்கு மொழிபெயர்ப்பவள். மொழிபெயர்ப்பவர் 'அவர் சொல்கிறார்' என்று சொல்லக்கூடாது, 'நான்' என்றே சொல்லவேண்டும். நான் குத்தவில்லை. நான் அந்தக் கடைக்குப் போகவேயில்லை. இப்படி ஊரார் பொய்யையெல்லாம் தன் வாயால் சொல்லிச் சொல்லி, பொய்யின் ருசி அவள் நாக்குக்குப் பழகிவிட்டது. போலீசுக்குப் போகமுடியாத சங்கதிகளைச் சனங்கள் அவளிடம் கொண்டுவந்தார்கள். றொனி இரவில் பீட்சா கொடுப்பவன். பகலில் அவளுக்குச் சாரதி, உதவியாள், தன் கணக்கில் அவளுடைய மூளையும் அவன்தான்.

"ஆர் எடுத்ததெண்டு எனக்குத் தெரியும்," என்றான் மூளை.

"சொல்லு."

"நிரோசினி. ஆளுக்கு ஆளா நிண்ட பிள்ளை. வீடு பிடிச்சிட்டுது, கடல் காத்து பிடிச்சிட்டுது. மாமியைக் கள்ளியாக்கிப்போட்டுத் தானே இருக்கப் பாக்கிறா."

பலெர்மோவில் நம்மவர்கள் ஊருக்குப் போகும்போது தங்கள் இடத்தில் ஓர் ஆளை நிறுத்திவிட்டுத்தான் போவார்கள். நிற்கிறவர் வேலையைக் காத்து வைத்திருந்து, போனவர் திரும்பியதும் சாவியைக் கையில் கொடுத்துவிட்டு விலகவேண்டும். யாரும் எழுதி வைக்காத சட்டம். மீறியவரோடு பூசை முடிந்த பிறகு கோயில் வாசலில் ஒருவரும் நின்று கதைக்கமாட்டார்கள். மன்னாரிலுள்ள மடு மாதா கோயில் திருவிழாவுக்குப் போன புனிதமலர் தன் தமையன் மகள் நிரோசினியை நிறுத்தியிருந்தாள். நேற்று ஞானம்பிகையிடம் வந்தபோது அந்தப் பெயரையும் சொன்னாள். "நிரோசினியும் இருந்தவதானே, அவவிட்டையும் சாவி இருந்தது," என்றாள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு.

அந்தச் சொல் ஞானம்பிகையின் நாக்கில் கசந்தது. ஆனால் ஏன் என்று அப்போது பிடிபடவில்லை.

*

கதவைத் திறந்தவள் புனிதமலர். ஐம்பது கடந்த, உறுதியான உடம்புக்காரி. இரண்டு இரவு தூங்காத முகம்.

"வாங்கோ ஞானக்கா. ஐயா தோட்டத்திலை இருக்கிறார். அவரோடை ஒருக்கா கதையுங்கோ."

"முதல்லை பெட்டியைப் பாப்பம்."

"பாருங்கோ. ஆனா ஐயாவோடை கதையுங்கோ."

கூடத்தில் சிஞ்ஞோரா லொரெத்தா கைபேசியும் கையுமாக நின்றாள். மரியாதையில் குறை வைக்கவில்லை, காப்பி வேண்டுமா என்றும் கேட்டாள்.

"அவள் அறையை நானே தேடிவிட்டேன். அலமாரி, பெட்டி, கட்டிலுக்குக் கீழே எல்லாம்," என்றாள். "பின் பால்கனியில் தொங்கும் அந்தப் பயங்கரமான மீன் பையைத் தவிர. அதன் பக்கத்தில் போக முடியவில்லை. பதினொரு வருடம் எங்கள் வீட்டில் ஒருத்தியாக வைத்திருந்தோம். இதுதான் என்னை வருத்துகிறது."

"கருவாடு கையிலை இருக்கு," என்று றொனி தமிழில் முணுமுணுத்தான். "குடுக்கத்தான் மனசில்லை. இந்த வீட்டிலை களவெடுத்தது ஆர், வஞ்சகம் செய்தது ஆர் எண்டு விளங்குதே அக்கா?"

கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மரத்தலை மட்டும் இருந்தது. கண்ணும் மூக்கும் இல்லாத, வழுவழுப்பான, கவசத்தின் உள்ளளவுக்குக் கடைந்த தலை. பெட்டிக்கு மேலே சுவரில் ஒரு கறுப்புவெள்ளைப் படம். மேடையில் மூன்று வீரர்கள். நடுவில் கோப்பையோடு இளம் கொராதோ.

ஞானம்பிகை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்துக்குக் கிட்டப் போனாள்.

"றொனி, இஞ்சை வா. இந்த மூண்டு முகத்தையும் பார். என்ன வித்தியாசம்?"

"நடுவிலை நிக்கிறவர் வடிவு. மற்ற ரெண்டும் கரிச் சட்டிக்குள்ளை விழுந்த மாதிரி."

"ஏன் கரி?"

"திறந்த கார்தானே. எண்ணெய், புழுதி, புகை எல்லாம் முகத்திலைதான். கண்ணாடி போட்ட இடம் மட்டும் வெள்ளை. ரெண்டு பேரும் ஆந்தை மாதிரி நிக்கினம்." அவன் குரல் மெல்லத் தணிந்தது. "முதலாவதா வந்தவர் மட்டும் தலை இழுத்துப் பவுடர் போட்டிருக்கிறார். அக்கா, இவர் கார் ஓட்டினவரோ, கலியாணத்துக்குப் போனவரோ?"

அவள் அடுக்களைக்குப் போனாள்.

*

நிரோசினி கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். மேசையில் மாமிக்கென்று ஒரு தேத்தண்ணீர் மூடி வைத்திருந்தது.

"என்னைச் சந்தேகப்படுறீங்கள் எண்டு தெரியும்," என்றாள், கத்தியை நிறுத்தாமல். "சிஞ்ஞோரா என்னை இருக்கச் சொன்னவ. நான் மாட்டன் எண்டு சொல்லிப்போட்டன். அவ காதிலை விழாத மாதிரி இருக்கிறா. மாமிக்கு உதவியாத்தான் இன்னும் நிக்கிறன்."

"அதை மாமியிட்டைச் சொன்னனீரே?"

"சொல்லவேணுமே அன்ரி? மாமிக்குத் தெரியாதே என்னை?"

றொனி அடுப்பைப் பார்த்தான்.

"மாமி வாறதுக்கு முதல் நாள் இஞ்சை ஆரும் வந்தவையே?" என்று கேட்டாள் ஞானம்பிகை.

"பந்தயக்காரர் வந்தவை. ஞாயிற்றுக்கிழமை சிஞ்ஞோர் ஹெல்மெட்டைப் போட்டு, தன்ரை காருக்குள்ளை இருந்து படம் எடுக்கவேணும் எண்டு சொன்னவை. சிஞ்ஞோரா சந்தோசத்திலை அழுதவ. இவர் இரவுச் சாப்பாட்டைத் தொடேல்லை. மாமி எப்ப வாறா, மாமி எப்ப வாறா எண்டு விடியுமட்டும் கேட்டவர்."

வாசல் கொக்கியில் கிழவரின் வைக்கோல் தொப்பி தொங்கியது. ஞானம்பிகை அதை எடுத்துக்கொண்டு கூடத்துக்குத் திரும்பினாள். சிஞ்ஞோரா முன் பால்கனியில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தாள். ஞானம்பிகை பூட்டாமல் கிடந்த பெட்டியைத் திறந்து, தொப்பியை மரத்தலையில் வைத்தாள்.

தொப்பி நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டு இறங்கி, மரத்தலையை முழுவதும் மூடியது; அதன் விளிம்பு கழுத்தில் மாலையைப் போலக் கிடந்தது.

றொனி நீளமாக ஒரு மூச்சு விட்டான். "வயிறு வளரும், காது வளரும். தலையும் வளருமே அக்கா?"

"இருவது வயசுக்குப் பிறகு வளராது," என்றாள் ஞானம்பிகை. "கர்வம் வேணுமெண்டா வளரும்."

*

எலுமிச்சை மரத்தின் கீழ் கிழவர் உட்கார்ந்திருந்தார். பெரிய தலை, அழகான வெள்ளை முடி. ஞானம்பிகை தொப்பியை அவர் மடியில் வைத்தாள்.

"இது உங்களுடையது, சிஞ்ஞோர். கவசம் யாருடையது?"

அவர் நெடுநேரம் தொப்பியின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவரைப் போலச் சொல்லத் தொடங்கினார்.

"தோத்தோ. என் மெக்கானிக். போர்கோ வெக்கியோ ஏழைத் தெருக்காரன், சின்ன உடம்பு. பந்தயத்துக்கு முதல் நாள் பயிற்சியில் என் நண்பனின் கார் மரத்தில் மோதியதை நான் பார்த்தேன். மறுநாள் காலையில் என் கால் எழும்பவில்லை. அப்பா கூட்டத்தோடு வந்து நிற்கிறார். தோத்தோ சொன்னான், நான் ஓட்டுகிறேன், முகத்தை மூடிக்கொண்டால் யாருக்குத் தெரியும் என்று. என் கவசம் அவன் கண்ணை மறைத்தது. அதனால் அவனுடையதற்கே என் சிவப்பைப் பூசினோம். வென்றதும் காரைக் கூடாரத்துக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினான். நான் வெளியே வந்தேன்."

"பிறகு?"

"பிறகு ஒன்றுமில்லை. ஒவ்வொரு புதுவருடத்துக்கும் ஒரு கசாத்தாக் கேக் கொண்டுவருவான். அடுக்களையில் காப்பி குடித்துவிட்டுப் போவான். ஒருநாளும் கேட்கவில்லை. செத்தும் போனான்."

"கவசத்தைப் புனிதமலரிடம் நீங்கள்தான் கொடுத்தீர்கள்."

அவர் கண்ணில் நீர் வந்தது. "கடலில் போடச் சொன்னேன். யாருக்கும் சொல்லாதே என்றேன். அவள் தன் மாதா மேல் சத்தியம் செய்தாள். நான் கேட்கக்கூட இல்லை."

"உங்கள் மகள் அவளைக் கள்ளி என்று சொன்னபோது பக்கத்தில்தான் இருந்தீர்கள்."

"இன்று சொல்லிவிடுகிறேன்," என்றார். "லொரெத்தாவைக் கூப்பிடுங்கள். இப்போதே சொல்கிறேன்."

ஞானம்பிகை அதை நம்பினாள். அவர் சொன்னதில் பொய்யின் ருசி இருக்கவில்லை.

*

புனிதமலர் பின் பால்கனியில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே அந்தப் பை தொங்கியது.

"புனிதம், நேற்று என்னட்டை வந்து, ஐயாவோடை கதையுங்கோ எண்டு எத்தினை தரம் சொன்னனீர்? ஹெல்மெட்டைக் கண்டுபிடிச்சுத் தாங்கோ எண்டு ஒருக்காலும் கேக்கேல்லை. துலைஞ்ச சாமானைத் தேடச் சொல்லாத ஆளை நான் இண்டைக்குத்தான் பாக்கிறன்."

புனிதமலர் ஒரு தலையணை உறையை மடித்தாள். மறுபடி விரித்தாள். மறுபடி மடித்தாள்.

"நீர் ஒண்டும் சொல்லவேண்டாம். நான் கேக்கிறன், தலையை மட்டும் ஆட்டும்."

"தலையாட்டுறதும் சொல்லுறதுதான் அக்கா. மடு மாதாவுக்கு ரெண்டும் ஒண்டுதான்."

"அப்ப றொனி கருவாட்டைப் பங்கிடட்டும்."

மூன்று நாளாக அந்த வரத்துக்காகத் தவம் கிடந்தவன் ஒரே எட்டில் பையை இறக்கினான். மேலே கட்டாப் பாரைத் துண்டுகள். கீழே நெத்தலி. நெத்தலிக்குக் கீழே, சேலைத் துண்டு ஒன்றில் குழந்தையைப் போலச் சுற்றி, சிவப்பாக ஒன்று.

"இத்தாலிக்காரர் ஒருத்தரும் கை வைக்காத லாச்சி," என்றான் றொனி. "பாங்க் லொக்கருக்கும் இந்தக் காவல் இல்லை."

"ஏன் கடலிலை போடேல்லை?" என்று கேட்டாள் ஞானம்பிகை. "இது சத்தியத்திலை வராது. சொல்லலாம்."

"பதினொரு வரியம் நான் துடைச்ச சாமான் அக்கா. மனம் வரேல்லை." புனிதமலர் கவசத்தின் வாரை விரலால் நீவினாள். "ஐயா மனம் மாறித் திருப்பிக் கேப்பார் எண்டும் நினைச்சன். சிஞ்ஞோரா என்னைப் பேசேக்கை ஐயா வாய் திறப்பார் எண்டு பாத்தன். அவர் ரீவியைப் பாத்தார்."

*

எல்லோரும் கூடத்தில் கூடினார்கள். கவசம் மேசையில் இருந்தது. அறை முழுவதும் மன்னார்க் கடற்கரை மணத்தது. சிஞ்ஞோரா லொரெத்தா கைக்குட்டையை மூக்கில் வைத்தபடி, "இவளிடம்தான் இருந்ததா?" என்றாள்.

"இருந்தது. ஏன் இருந்தது என்று உங்கள் அப்பா சொல்வார்," என்றாள் ஞானம்பிகை.

மகள் திரும்பினாள். "அப்பா?"

கிழவர் மகளைப் பார்த்தார். மேலே படத்தைப் பார்த்தார். புனிதமலர் நின்ற பக்கம் மட்டும் பார்க்கவில்லை.

"எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை," என்றார். "சாவி அவளிடம்தான் இருந்தது."

ஞானம்பிகை நீதிமன்றத்தில் எத்தனையோ பொய்யைத் தன் வாயால் சொன்னவள். இந்தப் பொய்யை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. புனிதமலருக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. அவள் முகத்தில் எதுவும் அசையவில்லை. கைகள் மட்டும் இன்னும் எதையோ மடித்துக்கொண்டிருந்தன.

சிஞ்ஞோரா கைபேசியை எடுத்தாள். "நான் போலீசுக்கு..."

"ஒரு நிமிடம், சிஞ்ஞோரா," என்றாள் ஞானம்பிகை. "ஞாயிற்றுக்கிழமைப் படம் எடுக்கவேண்டுமே. நல்லபடியாகக் கிடைத்துவிட்டது. ஒருமுறை அப்பாவுக்குப் போட்டுப் பாருங்கள்."

மகளின் முகம் மலர்ந்தது. மணத்தையும் மறந்தாள். கவசத்தை இரண்டு கையாலும் தூக்கித் தகப்பன் தலையில் வைத்தாள். அது உச்சியில் ஒரு சிரட்டையைப் போல நின்றது. அழுத்தினாள். இறங்கவில்லை. கொஞ்சம் திருப்பி மறுபடி அழுத்தினாள். கிழவர் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார். அவள் கை மெல்ல நின்றது. பெட்டிக்குள் இருந்த மரத்தலையைப் பார்த்தாள். பிறகு சுவரில் இருந்த படத்தை, நடுவில் நின்ற சுத்தமான முகத்தைப் பார்த்தாள். பிறந்த நாள் முதல் பார்த்து வளர்ந்த படம்.

சிஞ்ஞோரா கவசத்தை எடுத்தாள். மரத்தலையில் வைத்தாள். கச்சிதமாகப் பொருந்தியது. பெட்டியைப் பூட்டினாள்.

"ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு உடம்பு சரியிருக்காது," என்றாள், யாரையும் பார்க்காமல். "இதைப் பற்றி இனி யாரும் பேசவேண்டாம். புனிதா, நீ உன் வேலையைப் பார்க்கலாம்."

"ஒன்று மீதி இருக்கிறது," என்றாள் ஞானம்பிகை. "பக்கத்து வீட்டு சிஞ்ஞோராவுக்கு நேற்றே சொல்லிவிட்டீர்களாம், இவள் திருடி என்று. போன் கையில்தான் இருக்கிறது. திருத்திச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கோயிலில் என்னிடம் கேட்பார்கள். நான் முழுதாகச் சொல்லவேண்டி வரும்."

சிஞ்ஞோராவின் கழுத்து சிவந்தது. ஆனாலும் எண்ணை அழுத்தினாள். கவசம் வீட்டுக்குள்ளேயே இருந்தது, புனிதமலர் எதையும் எடுக்கவில்லை, தவறு தன்னுடையது என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள்.

அது முடியும்வரை புனிதமலர் காத்திருந்தாள். பிறகு இடுப்புக் கொத்திலிருந்து வீட்டுச் சாவிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கண்ணாடிப் பெட்டியின் மேல் வைத்தாள்.

"ஐயா, நாலு மணி மாத்திரை நீலப் பெட்டியில் இருக்கிறது," என்றாள் இத்தாலியனில். "வெறும் வயிற்றில் போடாதீர்கள்."

கிழவர் வாயைத் திறந்தார். "புனிதா," என்றார். அதற்கு மேல் வரவில்லை. அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு நடந்தாள்.

சிஞ்ஞோரா அவசரமாக நிரோசினியின் பக்கம் திரும்பினாள். நிரோசினி ஏற்கெனவே ஏப்ரனைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"நான் மாமிக்குப் பதிலாக வந்தவள், சிஞ்ஞோரா. அவர் போனால் என் வேலையும் முடிந்தது."

*

பஸ் தரிப்பில் வெயில் கொதித்தது. கடற்கரையில் சனங்களின் இரைச்சல். றொனி ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு கூடவே வந்தான்.

"பொலித்தியாமாப் பக்கம் ஒரு சிஞ்ஞோரா ஆள் தேடுறா, புனிதமக்கா. நல்ல மனிசி. நான் பீட்சா குடுக்கிற வீடு. அவவின்ரை மனிசன் எந்தப் பந்தயத்திலையும் ஓடேல்லை, விசாரிச்சிட்டன்."

புனிதமலர் சிரிக்க முயன்றாள்.

நிரோசினி மாமியின் பையை ஒரு கையிலும் கருவாட்டுப் பையை மறு கையிலும் வைத்திருந்தாள். திடீரென்று கேட்டாள்:

"மாமி, காலமை இவையள் வரேக்கையே என்னிலை சந்தேகத்தோடைதான் வந்தவை. ஆர் என்ரை பேரைச் சொன்னது? சிஞ்ஞோராவோ?"

புனிதமலர் சாலையைப் பார்த்தாள். பஸ் இன்னும் வளைவில் தெரியவில்லை. நேற்றுத் தன் நாக்கில் கசந்தது எது என்று ஞானம்பிகைக்கு இப்போது விளங்கியது. குற்றமற்றவள் என்று நன்றாகத் தெரிந்த பிள்ளையின் பெயரை, தெரிந்துகொண்டே ஒருத்தி சொன்ன கசப்பு.

"நான்தான் தங்கச்சி," என்றான் றொனி. "எனக்கு எல்லாரிலையும் சந்தேகம். என்ரை அம்மாவிலையும் சந்தேகம். ஞானக்கா பேசினவ, நான் கேக்கேல்லை. பிழை என்னிலைதான்."

நல்ல பொய். கேட்டவள் நம்பிவிட்டாள். நிரோசினியின் முகம் இளகி, அவனைத் திட்ட வாயெடுத்தாள்.

"இல்லை மோனை," என்றாள் புனிதமலர்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"அவனில்லை. நான்தான் சொன்னனான். நீ எடுக்கேல்லை எண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் சொன்னனான்."

பஸ் வந்து நின்றது. நிரோசினி இரண்டு பைகளையும் மாமியின் காலடியில் வைத்தாள். முதலில் ஏறினாள். சாரதிக்குப் பின்னால் இருந்த ஒற்றை இருக்கையில் போய் உட்கார்ந்து, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

புனிதமலர் பைகளோடு ஏறினாள். பின்னால் நிறைய இடம் இருந்தது. அவள் அங்கே போகவில்லை. அந்த ஒற்றை இருக்கைக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கதவு மூடியது. பூங்காவின் நீண்ட சாலையில் பஸ் மரங்களுக்குள் மறையும்வரை அவள் நின்றுகொண்டேதான் இருந்தாள்.